மீன் ஏறி ஆற்றை எதிர்த்துப் போகும் மட்டி: தென்கோள நன்னீர் மட்டிகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஆறு எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடும். அதன் அடியில் கிடக்கும் மட்டிக்கு நீந்தத் துடுப்பு இல்லை. சதையாலான ஒற்றைப் பாதம் மட்டும் உண்டு. அதை மணலுக்குள் நீட்டி, ஊன்றி, உடம்பை இழுத்து, ஒரு நாளில் சில அடி நகர்ந்தாலே பெரிய விஷயம். அது குஞ்சு பொரித்தால் அந்தக் குஞ்சு மணல் துகள் அளவுதான் இருக்கும். நீரோட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைவிடக் கொஞ்சம் கீழே போயிருக்க வேண்டும். சில நூறு தலைமுறைகள் கழிந்தால் மேலாற்றில் ஒரு மட்டிகூட மிஞ்சக் கூடாது. எல்லாம் கழிமுகத்துக்குப் போய், உப்புநீரில் செத்திருக்க வேண்டும்.

ஆனால் ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றில், கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனாலும் மட்டி கிடக்கிறது. நியூசிலாந்தின் மலையேரிகளிலும், ஆண்டிஸ் மலையடி ஏரிகளிலும் கிடக்கிறது. நடக்கத் தெரியாத ஒரு பிராணி அங்கே எப்படி ஏறிப்போனது?

மீன் தூக்கிக்கொண்டு போனது. நன்னீர் மட்டியின் வாழ்க்கை முழுக்க இந்த ஒரு பதிலைச் சுற்றித்தான் இருக்கிறது. அதன் பலமும் இதுதான், அது இன்று அழிந்துகொண்டிருப்பதற்கு ஒரு பெரிய காரணமும் இதுதான். அதனால் மீன் கதையை நிதானமாகவே பார்ப்போம். அதற்கு முன் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த மட்டி?

கடற்கரைப் பாறையில் கருப்பாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் மட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். அது வேறு. அது நார் போன்ற இழைகளால் பாறையில் தன்னைக் கட்டிக்கொள்ளும். நாம் பேசும் நன்னீர் மட்டி ஆற்று மணலிலும் ஏரிச் சேற்றிலும் முக்கால் உடம்பைப் புதைத்துக்கொண்டு வாழும். உயிரியலில் இவற்றின் வரிசைக்கு யூனியனிடா என்று பெயர். உலகம் முழுக்க 900 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. நம் ஊர்க் குளத்தில் கால் வைத்தால் தட்டுப்படும் பெரிய சிப்பியும் இதே வரிசைதான்.

தென்கோளத்தில் இந்த வரிசையின் முக்கியமான குடும்பம் ஹைரியிடே. ஆஸ்திரேலியா, நியூகினி, நியூசிலாந்து, தென்னமெரிக்கா ஆகிய இடங்களில் மட்டும் இது இருக்கிறது. வட கண்டங்களில் எங்கும் இல்லை. வரைபடத்தில் இந்த நிலங்களைப் பாருங்கள். நடுவில் பசிபிக் பெருங்கடல் கிடக்கிறது. உப்புநீர் பட்டால் சாகும் ஒரு குடும்பம் கடலுக்கு இரண்டு பக்கமும் எப்படி இருக்க முடியும்?

இதற்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம், மட்டி கடலைத் தாண்டவில்லை, நிலம்தான் பிரிந்துபோனது என்பது. தென்னமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலத்திலேயே இந்தக் குடும்பம் அதன் ஆறுகளில் வாழ்ந்தது. நிலம் உடைந்து விலகியபோது ஒவ்வொரு துண்டும் தன் பங்கு மட்டிகளோடு போனது. இவை அவ்வளவு பழையவை என்பதற்கு அழகான ஒரு சாட்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் லைட்னிங் ரிட்ஜ் என்ற ஊர், கருப்பு ஓபல் கல்லுக்குப் பேர்போனது. அங்கே சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு அவ்வப்போது முழு மட்டி ஒன்று கிடைக்கும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் காலத்தில், ஆற்றில் செத்துப் புதைந்த நன்னீர் மட்டி அது. ஓடு கரைந்து போன இடத்தில் ஓபல் நிரம்பி, அதே வடிவத்தில், திருப்பினால் நீலமும் பச்சையும் சிவப்பும் அடிக்கும் கல்லாகியிருக்கிறது. வளர்ச்சிக் கோடுகள்கூடத் தெரியும்.

ஆப்பிரிக்கா ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்கலாம். அங்கே ஹைரியிடே இல்லை, இரிடினிடே என்ற வேறு குடும்பம் இருக்கிறது. தென்னமெரிக்காவிலும் ஹைரியிடேவோடு கூட மைசிட்டோபோடிடே என்ற இன்னொரு குடும்பம் இருக்கிறது. இந்த இரண்டும் தங்கள் குஞ்சுகளை மீனில் ஏற்றும் முறையே தனி. அதைப் பிறகு சொல்கிறேன்.

அருகில் போய்ப் பார்த்தால்

நியூசிலாந்தில் இதற்குக் காக்கஹி என்று பெயர். அந்நாட்டின் பூர்வகுடிகளான மவோரி மக்கள் வைத்த பெயர் அது. தெளிந்த ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று, அசையாமல் கீழே பாருங்கள். முதலில் மணல்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மணலில் இரண்டு சின்னப் பிளவுகள் கண்ணில் படும். ஒன்றின் விளிம்பில் கண்ணிமை போல மெல்லிய நீட்சிகள் இருக்கும். மற்றது வழவழப்பாக இருக்கும். முதலாவது தண்ணீர் உள்ளே போகும் வழி, இரண்டாவது வெளியே வரும் வழி. உங்கள் நிழல் விழுந்தாலோ, விரல் பட்டாலோ இரண்டும் சட்டென்று மூடிக்கொள்ளும். அப்புறம் பார்த்தால் வெறும் மணல், பாதி புதைந்த கல் ஒன்று. அந்தக் கல்தான் மட்டி.

கையில் எடுத்தால் ஓட்டின் வெளிப்பக்கம் கரும்பழுப்பாக, ஒரு தோல் போர்த்தியது போல இருக்கும். உண்மையிலேயே அது ஒரு மெல்லிய தோல்தான். சுண்ணாம்பாலான ஓட்டை ஆற்றுநீர் கரைத்துவிடாமல் அது காக்கிறது. ஓட்டின் மிகப் பழைய பகுதி, கீலுக்குப் பக்கத்தில் புடைத்திருக்கும் கொண்டை. வயதான மட்டிகளில் அங்கே தோல் தேய்ந்து, சுண்ணாம்பு அரித்து, வெள்ளையாகப் பள்ளம் விழுந்திருக்கும். உள்பக்கம் முத்துப் போல மின்னும்.

இரண்டு ஓடுகளையும் சேர்க்கும் கீலில் ரப்பர் போன்ற ஒரு நாண் இருக்கிறது. அது எப்போதும் ஓட்டைத் திறக்கவே பார்க்கும். மூடி வைப்பது தசையின் வேலை. அதனால் மட்டிக்குத் திறந்திருப்பது ஓய்வு, மூடியிருப்பது உழைப்பு. செத்தால் தசை தளர்ந்து ஓடு தானாக வாய் பிளந்துவிடும். கரையில் கிடக்கும் மட்டி இறுக மூடியிருந்தால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வையுங்கள், வறட்சியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

உள்ளே இருப்பதில் பெரும்பங்கு செவுள். மெல்லிய திரை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். மட்டி அதைக்கொண்டு மூச்சு விடுகிறது. அதே செவுளால்தான் தண்ணீரிலிருக்கும் நுண்பாசியையும் பாக்டீரியாவையும் வடிகட்டிச் சாப்பிடுகிறது. பெண் மட்டிக்கு மூன்றாவது வேலையும் உண்டு: செவுள்தான் அதன் கருப்பை.

குஞ்சு மீன் ஏறும் கதை

ஆண் மட்டி விந்தணுக்களைத் தண்ணீரில் விடும். பெண் மட்டி மூச்சுக்கு இழுக்கும் தண்ணீரோடு அவை உள்ளே வந்து சேரும். கருவுற்ற முட்டைகள் செவுள் மடிப்புகளுக்குள் அடுக்கி வைக்கப்பட்டு, அங்கேயே வளரும். ஹைரியிடே குடும்பத்தில் உட்பக்கச் செவுள்களில் மட்டும் இப்படி அடைகாக்கும். வட நாட்டு மட்டிகள் பெரும்பாலும் வெளிப்பக்கச் செவுளைப் பயன்படுத்துகின்றன. குடும்பங்களைப் பிரித்தறிய இது ஒரு நல்ல அடையாளம்.

வெளியே வரும் குஞ்சுக்குக் குளோக்கிடியம் என்று பெயர். நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், திறந்த இரண்டு குட்டி ஓடுகள், ஓரத்தில் உள்நோக்கி வளைந்த பல், நடுவில் ஒரு தசை. அவ்வளவுதான். ஏதாவது உயிர்ச்சதை பட்டால் டக்கென்று மூடிக்கொள்ளும். அது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வித்தை.

யென்ஸ் ராத்கே என்ற விலங்கியலாளர் 1797-ல் மட்டியின் செவுளில் இவற்றைப் பார்த்துவிட்டு, இவை மட்டியைத் தின்னும் ஒட்டுண்ணிகள் என்று நினைத்தார். குளோக்கிடியம் பாராசிட்டிக்கம் என்று தனி உயிரினமாகவே பெயரும் வைத்தார். அவை அந்த மட்டியின் சொந்தக் குஞ்சுகள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஒட்டுண்ணி என்பதும் முழுத் தவறில்லை. அது ஒட்டுவது மட்டியில் இல்லை, மீனில்.

மீனின் துடுப்பிலோ செவுளிலோ குளோக்கிடியம் கவ்விக்கொண்டதும், மீனின் தோல் அந்தக் காயத்தைச் சுற்றி வளர்ந்து அதை மூடிவிடும். ஒரு சிறு கொப்புளம் மாதிரி. அந்தக் கொப்புளத்துக்குள் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ இருந்து, குஞ்சு தன் உடம்பையே மாற்றி அமைத்துக்கொள்கிறது. பாதம் வளர்கிறது, செவுள் தொடங்குகிறது. மீன் இதற்குள் எங்கெங்கோ நீந்திப் போயிருக்கும். மேலாற்றுக்கும் போயிருக்கும். பிறகு கொப்புளம் உடைந்து குட்டி மட்டி மணலில் விழுகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இந்தக் கொப்புளத்துக்குள்தான் இருக்கிறது. நான்கைந்து குளோக்கிடியங்கள் ஒட்டினால் மீனுக்குப் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

கணக்குப் பார்த்தால் இது பயங்கரமான சூதாட்டம். ஒரு தாய் ஆயிரக்கணக்கில் குஞ்சு விடும். மிகப் பெரும்பாலானவை எந்த மீனையும் சந்திக்காமல் சில நாட்களில் சாகும். சந்தித்த மீனும் சரியான இனமாக இருக்க வேண்டும், தவறான மீனாக இருந்தால் அதன் உடம்பு குஞ்சை உதறிவிடும். மீனிலிருந்து விழும் இடமும் முக்கியம். அங்கே மணல் இருக்க வேண்டும், ஆக்ஸிஜன் இருக்க வேண்டும், அடர்சேறு மூடியிருக்கக் கூடாது. இத்தனையும் கூடிவந்தால்தான் ஒன்று பிழைக்கும்.

அதனால் சில இனங்கள் மீனைத் தேடி வரவழைக்கக் கற்றிருக்கின்றன. நியூசிலாந்து மட்டி இனங்களில் ஒன்றான எக்கைரிடெல்லா ஆக்லாண்டிகா, குஞ்சுகளைத் தனித்தனியாகச் சிதறவிடாமல் சிறு பொட்டலங்களாகக் கட்டி வெளியே விடுகிறது. பார்ப்பதற்கு மீன் தின்னும் சிறு புழு மாதிரி இருக்கும். ஸ்மெல்ட் என்ற சிறு வெள்ளிமீன் இரை என்று நினைத்துக் கடித்தால், பொட்டலம் பிரிந்து குஞ்சுகள் அதன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். இந்த மட்டிக்கு எந்த மீன் வேண்டும் என்பதே அண்மைக் காலம் வரை தெரியாமல் இருந்தது. 2020-களின் தொடக்கத்தில்தான் ஸ்மெல்ட் என்று கண்டுபிடித்தார்கள். மட்டிக்குக் கண் கிடையாது. தன் பொட்டலம் எப்படி இருக்கும் என்று அது ஒருநாளும் பார்த்ததில்லை. எத்தனையோ லட்சம் ஆண்டுகளாக, எந்தத் தாயின் பொட்டலம் மீனுக்குப் புழுவாகத் தெரிந்ததோ அந்தத் தாயின் பிள்ளைகள் மட்டும் மேலே ஏறிப்போய்ப் பிழைத்தன. எனக்கு இந்தப் பொருளில் திரும்பத் திரும்ப வியப்பூட்டும் இடம் இதுதான்.

ஆப்பிரிக்க, தென்னமெரிக்கக் குடும்பங்களின் தனி முறையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. அவற்றின் குஞ்சுக்கு லாசிடியம் என்று பெயர். கவ்வும் ஓடு அதற்கு இல்லை. பதிலாக நீளமான ஒட்டும் இழை ஒன்று உண்டு. ஜெஃப்ரி ஃபிரையர் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவின் முட்டெலா என்ற மட்டியின் வளர்ச்சியை 1961-ல் விரிவாக எழுதினார். அந்தக் குஞ்சு மீனின் தோலுக்குள் வேர் போலக் குழாய்களை இறக்கிச் சத்தை உறிஞ்சுகிறது. ஒரு தண்டின் நுனியில் மொட்டு மாதிரி வளர்ந்து, முற்றியதும் உதிர்ந்துவிடுகிறது. செடிதான் நினைவுக்கு வரும். பிரேசிலில் அனோடொன்டைட்டிஸ் டிரபீசியாலிஸ் என்ற இனத்தின் லாசிடியங்கள் மீன் பண்ணைக் குளங்களில் அளவுக்கு மீறிப் பெருகி மீன்களைக் கொல்வதும் உண்டு. ஆற்றில் சமநிலையாக இருப்பது, மீன்களை நெருக்கி அடைத்த குளத்தில் தொல்லையாகிவிடுகிறது.

ஒரே ஆறு, இரண்டு குணம்

சூழலியல் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், முர்ரே ஆற்றின் இரண்டு மட்டிகளைத்தான் உதாரணம் சொல்வேன்.

ஒன்று அலாதைரியா ஜாக்சனி. பெரிய, கனமான ஓடு. ஓடும் ஆற்றின் நடுவே வாழும். வலுவான பாதத்தால் கெட்டிக் களிமண்ணில் ஊன்றிக்கொண்டு வெள்ளத்தையும் தாங்கும். ஆனால் அதற்கு ஆக்ஸிஜன் நிறைந்த ஓட்டநீர் வேண்டும். நீர் தேங்கினால் திணறும், வற்றினால் சாகும்.

இன்னொன்று வெலெசூனியோ ஆம்பிகுவஸ். ஆற்றை ஒட்டிய பில்லபாங்குகளில், அதாவது வெள்ளம் வடிந்தபின் தனித்து நிற்கும் பழைய ஆற்றுக் குட்டைகளில் வாழும். வேகமான ஓட்டத்தில் இதனால் நிலைத்து நிற்க முடியாது. ஆனால் குட்டை வெந்நீராகி, ஆக்ஸிஜன் குறைந்து, கடைசியில் வற்றியே போனாலும் இது சேற்றுக்குள் புதைந்து, ஓட்டை இறுக மூடிக்கொண்டு, மாதக்கணக்கில் காத்திருக்கும். மழை வந்து குட்டை நிரம்பினால் மறுபடி வாய் திறக்கும்.

அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் கீத் வாக்கர் இந்த இரண்டையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். குறைந்த ஆக்ஸிஜனில் இரண்டும் எப்படி மூச்சுவிடுகின்றன என்பதை ஃபிரான் ஷெல்டனும் அவரும் சேர்ந்து 1989-ல் அளந்து எழுதினார்கள். பில்லபாங் மட்டி ஆக்ஸிஜன் குறையும்போது தன் தேவையைச் சமாளித்துக்கொள்கிறது, ஆற்று மட்டியால் அது முடிவதில்லை.

சரி, இதனால் என்ன? 1922-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பிளாஞ்ச்டவுனில் முர்ரேயின் முதல் மதகணை கட்டி முடிந்தது. அதன்பின் வரிசையாக அணைகள் வந்தன. படகு ஓட்டவும் பாசனத்துக்கும் நீர்மட்டம் எப்போதும் சீராக இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஓடிக்கொண்டிருந்த கீழ் முர்ரே, படிப்படியாகத் தேங்கிய குளங்களின் சங்கிலி ஆனது. பெயர் ஆறுதான், மட்டியின் கணக்கில் அது பில்லபாங். ஆற்று மட்டி பின்வாங்கியது, பில்லபாங் மட்டி ஆற்றுக்குள்ளேயே வந்து குடியேறியது. யாரும் மட்டியைக் கொல்லவில்லை, விஷம் கொட்டவில்லை. ஓட்டத்தை நிறுத்தியது மட்டும்தான் நடந்தது.

முர்ரேயில் கலக்கும் டார்லிங் ஆறு இன்னும் வேதனையான கதை. பார்க்கிஞ்சி பூர்வகுடி மக்கள் அதைப் பாக்கா என்பார்கள். 2017 முதல் 2020 தொடக்கம் வரை நீடித்த வறட்சியிலும், மேலே பாசனத்துக்கு நீர் எடுக்கப்பட்டதாலும் அந்த ஆறு நீண்ட தூரத்துக்கு நின்றுபோனது. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் மெனிண்டி அருகே லட்சக்கணக்கில் மீன் செத்து மிதந்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. அதே காலத்தில் ஆற்றுப் படுகையில் அலாதைரியாக்கள் பெருந்தொகையில் வாய் பிளந்து கிடந்தன. அந்தப் படங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. மீன் சில ஆண்டுகளில் திரும்பப் பெருகும். மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் வாழும் மட்டிக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை. அதைத் தூக்கிவர வேண்டிய மீனும் செத்துப்போயிருக்கிறது.

அது ஆற்றுக்கு என்ன செய்கிறது

நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் டுவாகிட்டோட்டோ என்று ஆழமில்லாத ஓர் ஏரி. அங்கிருந்த மட்டிகள் மொத்தமாக எவ்வளவு நீரை வடிகட்டுகின்றன என்று 1995-ல் கணக்கிட்டார்கள். ஏரியின் முழு நீரளவும் 32 மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டிகளின் செவுள் வழியே போய் வருகிறது என்று விடை வந்தது. ஒரு மட்டி மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வடிகட்டும் என்று வைத்துக்கொண்டால், ஏரியடியில் எவ்வளவு மட்டி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வடிகட்டியதில் பிடித்ததைத் தின்னும். பிடிக்காததைச் சளியில் உருட்டிச் சிறு உருண்டையாக வெளியே தள்ளும். நீரில் மிதந்ததெல்லாம் இப்படித் தரைக்கு இறங்குகிறது, தரையில் வாழும் புழுவுக்கும் பூச்சிக்கும் அது சாப்பாடு. மட்டி நகரும்போது மணல் கிளறப்பட்டு உள்ளே ஆக்ஸிஜன் போகிறது. மட்டியின் ஓட்டின் மேலேயே பாசியும் நத்தையும் குடியிருக்கும். சிலி நாட்டின் ஏரிகளில் வாழும் டிப்ளோடான் சிலென்சிஸ், சால்மன் பண்ணைக் கழிவால் பச்சையான நீரைத் தெளிவாக்குகிறது என்று அங்கே செய்த சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இதை வைத்து, 'மட்டியைப் போட்டால் ஏரி சுத்தமாகிவிடும்' என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. சாக்கடையை அப்படியே விட்டுக்கொண்டு மட்டியைப் போட்டால், பாசி அழுகி அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்து முதலில் சாவது மட்டிதான்.

நீரில் என்ன இருந்தாலும் மட்டி உடம்பில் பதிவாகும் என்பது இன்னொரு பக்கம். வட ஆஸ்திரேலியாவின் மஜீலா ஓடையில் வெலெசூனியோ அங்காசி வாழ்கிறது. பக்கத்தில் ரேஞ்சர் யுரேனியச் சுரங்கம் இருந்தது. ரேடியம் வேதியியலில் கால்சியத்துக்கு நெருங்கிய சொந்தம். மட்டி அதைக் கால்சியம் என்றே எடுத்து உடம்பில் சேமித்து வைக்கும், வயது ஏற ஏற அளவும் ஏறும். அந்த மட்டியைச் சாப்பிடும் பூர்வகுடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அதனால் ஓட்டின் வளையங்களை எண்ணி வயதைக் கண்டு, சதையில் ரேடியத்தை அளந்து, பல ஆண்டுகளாகக் கண்காணித்தார்கள்.

மனிதர் நன்னீர் மட்டி தின்பது புதிதில்லை. ஆஸ்திரேலியாவின் வில்லாண்ட்ரா பகுதியில் முங்கோ ஏரி இன்று ஒரு சொட்டு நீரில்லாத மணல்வெளி. அதன் கரையில், 30,000 ஆண்டுகளுக்கும் முந்திய அடுப்புகளுக்குப் பக்கத்தில் வெலெசூனியோ ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. அங்கே அன்று நல்ல தண்ணீர் இருந்தது என்பதற்கு அந்த எச்சில் ஓடுகளே சாட்சி. நியூசிலாந்தின் ரோட்டோருவா அருகே ரோட்டோகாக்கஹி என்றே ஓர் ஏரி உண்டு: மட்டி ஏரி. நீண்ட கைப்பிடியும் மரப்பற்களும் வலையும் கொண்ட வாரியால் அங்குள்ள மக்கள் மட்டி வாருவார்கள். அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது: காக்கஹி வாரத் தெரிந்தவனுக்குப் பெண் கிடைக்கும், வீட்டில் படுத்துத் தூங்குகிறவனுக்குத் தலையில் குட்டு கிடைக்கும்.

கிழடுகள் மட்டும் இருக்கும் ஏரி

காக்கஹி 50 ஆண்டுக்கு மேலும் வாழும். இந்த நீண்ட ஆயுள்தான் நம்மை ஏமாற்றுகிறது.

ஓர் ஏரிக்குப் போகிறீர்கள். நூற்றுக்கணக்கில் மட்டி கிடக்கிறது. எல்லாம் நலம் என்று திரும்பிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றாக எடுத்து அளவுகோலில் நீளம் பார்த்தால், எல்லாமே பெரியவை, கொண்டை அரித்தவை. விரல் நக அளவு மட்டி ஒன்றுகூட இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பிள்ளை பிறப்பது நின்றுபோயிருக்கும். தாய்மார்கள் ஆண்டுதோறும் குஞ்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏறிக்கொள்ள மீன் இல்லை. நியூசிலாந்தின் பல இடங்களில் நிலைமை இதுதான். கோவாரோ என்ற உள்ளூர் மீன் காக்கஹிக் குஞ்சுகளைச் சுமக்கும் முக்கியமான மீன்களில் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூண்டில் விளையாட்டுக்காக டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்ட ஏரிகளில் கோவாரோ மிகவும் குறைந்துபோனது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் உப்பு வந்து சேர்ந்தது. கோதுமைக்காகக் காடுகளை வெட்டினார்கள். ஆழமாக வேர் விட்ட மரங்கள் உறிஞ்சிய நிலத்தடி நீரை இப்போது உறிஞ்ச யாரும் இல்லை. நீர்மட்டம் உயர்ந்தது, மண்ணடியில் காலங்காலமாகக் கிடந்த உப்பும் கூடவே மேலே வந்து ஆறுகளில் கலந்தது. அங்கு வாழும் வெஸ்ட்ராலூனியோ கார்ட்டெரி, கடல்நீரின் பத்தில் ஒரு பங்கு உப்பைக்கூடத் தாங்காது. ஐம்பது ஆண்டுக்குள் அது வாழ்ந்த பரப்பில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. 2022-ல் மரபணுவை ஆராய்ந்தபோது இன்னொரு சங்கதி தெரிந்தது. ஒரே இனம் என்று நினைத்தவை உண்மையில் இரண்டு இனங்கள். அதாவது ஒவ்வொன்றின் எல்லையும் நாம் எண்ணியிருந்ததைவிடச் சிறியது.

தென்னமெரிக்காவுக்கு வேறு தொல்லை. 1991-ல் ரியோ டி லா பிளாட்டா கழிமுகத்தில், ஆசியாவிலிருந்து, கப்பல்கள் ஆடாமலிருக்க அடியில் நிரப்பிக்கொள்ளும் நீரோடு வந்த தங்க மட்டியை முதன்முதலாகக் கண்டார்கள். இது இழையால் ஒட்டும் வகை, இதன் குஞ்சுக்கு மீனே தேவையில்லை. ஆறு ஆறாகப் பரவி, உள்ளூர் மட்டிகளின் ஓட்டின் மேலேயே கொத்துக் கொத்தாக ஏறி உட்கார்ந்து அவற்றை வாய் திறக்கவிடாமல் செய்கிறது.

இவற்றோடு ஒப்பிட்டால் சின்னதாகத் தோன்றும் ஒரு தடை, எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தப் போடும் சிமென்ட் குழாய். குழாயின் வாய் கீழ்ப்பக்க நீர்மட்டத்தைவிட ஒரு முழம் உயரமாக இருந்தால் போதும், சிறு மீன் அதற்கு மேல் ஏறாது. மேலே இருக்கும் மட்டிகள் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு நன்றாகவே இருக்கும், அதற்குப் பின் அந்த ஓடையில் மட்டி இருக்காது. நியூசிலாந்தில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்திருக்கிறார்கள். கடலில் மட்டிப் பண்ணை நடத்துகிறவர்கள் குஞ்சு மட்டிகள் ஒட்டுவதற்காகத் தொங்கவிடும் இழையிழையான கயிறு ஒன்று உண்டு. அந்தக் கயிற்றைக் குழாய்க்குள் நீளமாகப் போட்டு, ஒரு நுனியைக் கீழே நீரில் தொங்கவிடுகிறார்கள். கயிற்றின் இழைகளுக்கு நடுவே நீரின் வேகம் குறைகிறது. விரல் நீள மீன்குஞ்சுகள் அதில் நின்று நின்று, இளைப்பாறி, மேலே ஏறிப்போகின்றன.